பெரிய ரயர் போட்ட பிக்கப்

தாழ்வுபாட்டுக் கரையில் மீன் பெட்டி ஏற்றியதும் என் பிக்கப் மணலில் புதைந்துவிடும். அலுத்துப்போய் இன்று மன்னார் ரவுணில் ஒரு ரயர் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணை சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார்.

"ரண்டு சைஸ் பெரிசு போட்டாலும் உரசாது. ஆனா பின்தட்டு உயர்ந்திடும். பெட்டி ஏத்துறது ஆர்?"

"நானும் தம்பியும்தான்."

"அப்ப பெரிசே போடுங்கோ. தனி ஆளெண்டால் வேண்டாமெண்டுதான் சொல்லுவன்."

தம்பி கட்டாருக்குப் போய் ஒரு மாதமாகிறது. வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை. திருத்திச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

பின்னேரம் கரையில் ஐஸ் போட்ட பெட்டியைத் தனியாகத் தூக்கினேன். நெஞ்சு வரை வந்தது, தட்டில் ஏறவில்லை. பாதி மீனை மணலில் கொட்டிவிட்டுப் பெட்டியை ஏற்றினேன். பிறகு கொட்டியதைக் கழுவிக் கழுவி அள்ளிப் போட்டேன்.

புது ரயரைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "சூப்பர் அண்ணா, இனிப் புதையாது" என்று எழுதியிருக்கிறான்.

ஓம், புதையவில்லை.

பெட்டியின் மற்றப் பிடியைப் பிடிக்க ஆராவது வருவீங்களெண்டால், நாளைக்கும் கரையிலதான் நிப்பன்.