அந்துருண்டையின் கொட்டகை

அறுவடை முடிந்ததும் எல்லோரும் கை காலை நீட்டிப் படுப்பார்கள். பண்ணையின் இயந்திரக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவருக்கோ அப்போதுதான் வேலை சூடுபிடிக்கும். வயரைக் கடிக்கும் எலிகளுக்கு எதிராக மூலைக்கு மூலை அந்துருண்டை கட்டித் தொங்கவிடுவார். அந்த வாசம் சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, கடைசியில் பெயரிலும் ஏறிவிட்டது. அந்துருண்டை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

"காத்து திரும்பினாலே நீங்க வர்றது தெரிஞ்சுடுதுங்க" என்பாள் மனைவி.

அவர் கோபப்பட மாட்டார். பேட்டரியைக் கழற்றிப் பலகைமேல் வைப்பதும், பெல்ட்டைத் தளர்த்துவதும், டயர் தரையில் அழுந்தாமல் கட்டை கொடுத்து நிறுத்துவதும், கலப்பைக்குப் பழைய எண்ணெய் பூசுவதுமாக அவருக்குப் பொழுது போய்விடும். விதைப்பு நெருங்கினால்தான் முகம் வாடும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி டிராக்டரை வயலுக்கு அனுப்பிவைப்பார்.

ஒரு வருஷம் முதலாளி கொட்டகைக்குள் வந்தவர் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டில் தன் முகத்தையே பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"புதுசு மாதிரியே வெச்சிருக்கியேப்பா!"

அந்துருண்டைக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் பாராட்டு.

"இப்ப வித்தா நல்ல விலைக்குப் போகும்" என்றார் முதலாளி அதே மூச்சில்.

மறுவாரமே டிராக்டர் போய்விட்டது. வாங்கியவர் அதை வெட்டவெளியில் நிறுத்தி மழையில் நனையவிட்டார். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அந்துருண்டை எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார்.

"நீங்க துடைச்சுத் துடைச்சே அதை விரட்டிட்டீங்க" என்றாள் மனைவி. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது.

அடுத்த அறுவடைக்குப் பிறகு அறுவடை இயந்திரத்தைக் கொட்டகைக்குள் விட்டார்கள். அந்துருண்டை உள்ளே சிக்கிய வைக்கோலை ஊதி எடுத்தார், பற்களைத் தேய்த்தார், மூட்டுக்கு மூட்டு கிரீஸ் வைத்தார். ஆனால் வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. வயல் சேறு அப்பியது அப்பியபடியே இருந்தது. போதாதென்று செங்கல்தூளைக் கிரீஸில் குழைத்து இங்கும் அங்கும் தடவினார். அசல் துரு தோற்றுப்போகும்.

அந்துருண்டை பயந்தபடியே முதலாளி ஒரு தரகரைக் கூட்டி வந்தார். தரகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

அந்துருண்டை பேட்டரி வயரைப் பட்டும் படாமலும் மாட்டியிருந்தார். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்றது. அதற்குமேல் மூச்சுப் பேச்சில்லை.

"இதைப் பழைய இரும்புக்குத்தாங்க போடணும்" என்று சொல்லிவிட்டுத் தரகர் நடையைக் கட்டினார்.

"என்னய்யா வேலை பாக்குற? மானம் போச்சு!" என்று முதலாளி குதிகுதியென்று குதித்தார்.

"வயசாயிடுச்சுங்க முதலாளி" என்றார் அந்துருண்டை. தன்னைச் சொன்னாரா இயந்திரத்தைச் சொன்னாரா என்று முதலாளி கேட்கவில்லை. அந்துருண்டை தலை குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் சிரிப்பு வெளியே தெரிந்துவிடும்.

அறுவடைக் காலம் வந்தது. அக்கம்பக்கத்து இயந்திரங்கள் எல்லாம் இருமிக்கொண்டு நிற்க, இது மட்டும் முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. வரப்பில் நின்ற முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? ஆளாளுக்கு விக்கச் சொன்னாங்க. நான்தான் விடல. மெஷினோட மனசு எனக்குத் தெரியும்பா!"

"ஆமாங்க முதலாளி, உங்களுக்குத் தெரியாததா!"

அந்த உற்சாகத்தில் முதலாளி எங்கிருந்தோ இன்னொரு பழைய அறுவடை இயந்திரத்தை வாங்கிக் கொண்டுவந்து இறக்கினார். கீழே குனிந்து பார்த்தால் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்துருண்டை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.