பூனை கத்தியது எதற்கு

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மிருக டாக்டரிடம் என் பூனையைக் கருத்தடைக்குக் கொண்டுபோயிருந்தேன். பின்சந்தில் ஏதோ ஒரு பூனை அலறியது. டாக்டர் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "கடுவன் பூனைக்கு அந்த இடத்துல சின்னச் சின்னதா முள்ளு இருக்கு ஆன்டி. நாய்க்கு அப்படிக் கிடையாது. விலகும்போது கீறும். வலியிலதான் பொட்டை அப்படிக் கத்துது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். நான் சின்னப் பிள்ளை. அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். செந்தூலில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் அவருடைய அண்ணன், என் பெரியப்பா, வைத்ததுதான் சட்டம். அவருடைய நாய் தெருவில் ஜோடியோடு மாட்டிக்கொண்டு நின்றபோது, யாரும் கல்லெறியாதபடி கம்போடு காவல் நின்றவர் அவர். மறுநாள் மத்தியானம் அடுப்படிக்குப் பின்னால் கடுவனிடமிருந்து விலகிய எங்கள் பூனை வீறிட்டது.

"கொழுப்பெடுத்துக் கத்துது பாரு, வெட்கங்கெட்டது!" மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்த தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினார்.

அம்மா ஓடிவந்தாள். "அதுக்கு வலிக்குது மாமா. அதான் கத்துது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா. சத்தம் கேட்டுக் கூடியிருந்த லயத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அம்மா தோலுரிந்த பூனையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் பெண் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்க நினைக்க, சிரித்த அத்தனை வாயையும் கிழிக்கவேண்டும்போல் இருக்கிறது.

அப்பா அன்று அங்கே இல்லை. இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.