கத்தரி பட்ட நெட்டில்

ஐசக் மவுன்சி அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பா வில்லியமும் அப்படித்தான். வில்லியமின் தம்பி ஒருவர் மட்டும் வாயாடி. அவரும் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஆகவே கில்பெக் பண்ணையில் பேச்சென்று இருந்ததெல்லாம் ஐசக்கின் மனைவி டைனா பேசியதுதான். ஐம்பத்தொன்றாம் வருஷம் பனிக்காலத்தில் டைனா காய்ச்சலில் போன பிறகு, வீட்டுக்குள் மிஞ்சியது ஐசக்கும் நெட்டில் என்கிற நாயும்தான். மந்தை நாய் ராய் இருந்தது. ஆனால் அது கொட்டிலில் படுப்பது, வாசற்படி தாண்டாது.

நெட்டில் பெட்டை நாய், டெரியர். உயரம் முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் ஆட்டுக்குட்டி தூக்குகிற நரி பாறைப் பொந்துக்குள் நுழைந்தால் இதுவும் பின்னாலேயே நுழையும். நுழைந்த இடத்தில் பின்வாங்காது. லேக்லாண்ட் டெரியர் என்பது நாய்க் கண்காட்சிக்காரர்கள் பிறகு வைத்த பெயர். முன்பெல்லாம் அந்தந்தப் பள்ளத்தாக்கு தன் ஊர்ப்பெயரைச் சொல்லியே நாயைக் குறிப்பிடும். நெட்டிலின் தாய் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் டைனாவின் பிறந்த வீட்டு நாய். தாயின் தாய், பாறை இடுக்கில் மூன்று நாள் சிக்கி, பதினாறு பேர் கூடிக் கல் பெயர்த்து வெளியே எடுத்த நாய். டைனா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது ஒரு தட்டு அலமாரியும் இந்த நாய் வம்சமும்தான்.

இதற்கு மேல்மயிர் கம்பிபோல் இருக்கும். அடியில் மெத்தென்ற பூமயிர். மழை மேலோடு வழிந்துவிடும், தோலுக்கு இறங்காது. வருஷத்துக்கு இரண்டு முறை, முற்றிய மயிரைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். அப்போதுதான் மறுபடியும் கம்பியாக முளைக்கும். டைனா வழுக்காமலிருக்க விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாலைந்து மயிராகப் பிடுங்குவாள். நெட்டில் அவள் மடியிலேயே தூங்கிப்போகும்.

ஐசக்குக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. கல்சுவர் அடுக்கும்போது நசுங்கியதால் எடுத்துவிட்டார்கள். மயிர் பிடுங்க அந்தக் கை உதவாது. ஆட்டுக்கத்தரியை உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்க உதவும். ஜூலையில் முந்நூறு ஆட்டுக்கும் மயிர் கத்தரித்து முடித்த சாயங்காலம், சடை தொங்க நெட்டிலும் வந்து நின்றது. முந்நூறு முடித்தவருக்கு இது ஒன்று பெரிதா? காலிடுக்கில் வைத்து, ஆட்டுக்குச் செய்ததுபோலவே ஒட்டக் கத்தரித்துவிட்டார். பார்க்கவும் சுத்தமாகத்தான் இருந்தது.

இலையுதிர்காலத்தில் முளைத்து வந்தது கம்பியில்லை, பஞ்சு. ஒரு தூறலுக்கே தோல்வரை ஊறி, நாய் அடுப்படியில் நடுங்கியது.

நவம்பரில் மேய்ப்பர் கூட்டம். வழிதவறி வந்து கலந்த ஆடுகளைக் காதுக்குறி பார்த்து உரியவரிடம் ஒப்படைக்கிற நாள். ஐசக் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார், பின்னால் நெட்டில். பக்கத்துப் பண்ணை டாம் வாட்டர்சன் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டுன்னு சொன்னாங்க, மூணாவதா ஒரு குட்டியும் ஓட்டிட்டு வந்திருக்கியே ஐசக்கு. இதுக்குக் காதுக்குறி எங்கப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐசக்குக்கும் சிரிப்பு வந்தது. எல்லன் நிக்கல்சன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் டைனாவின் பெரியப்பா மகள், டைனாவுக்கு இளையவள். குனிந்து மயிருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கத்தரி போட்டீங்களா அத்தான்?"

அவர் தலையாட்டினார்.

"நனைஞ்சா இது காயாது. பனி விழுந்ததும் நெஞ்சுல கட்டிக்கும். கிறிஸ்துமஸத் தாண்டாது. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். இருந்த ஒரு துணையையும் எப்படிக் கொடுப்பது?

மறுநாள் இடது கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாதம் பிடித்த விரல்களுக்கு நாலைந்து மயிர் அகப்படவில்லை. கொத்தாகப் பிடித்து இழுத்தார். நெட்டில் அலறிக்கொண்டு அலமாரிக்கு அடியில் புகுந்தது. இரண்டு நாள் அவர் கைக்கு எட்டவில்லை. சாப்பாட்டைக்கூட அவர் எழுந்து போன பிறகுதான் தொட்டது. ஆனாலும் மழையில் அவர் மந்தைக்குக் கிளம்பினால் வீட்டில் இருக்காது. அடைத்தால் கதவைப் பிறாண்டி எடுத்துவிடும். அதன் குணம் அது. மாதக் கடைசியில் இருமத் தொடங்கியது.

இருமல் தொடங்கிய மூன்றாம் நாள் அதைக் கோட்டுக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு, ஆறு மைல் மலை தாண்டி எல்லன் வீட்டுக்குப் போனார். இருமுகிறது என்று மட்டும் சொன்னார். எல்லன் வாங்கி அடுப்பருகே விட்டாள். பஞ்சு மயிர் முழுக்கப் போய்க் கம்பி வர இரண்டு தடவையாவது பிடுங்க வேண்டும், வசந்தமாகிவிடும் என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க ஐசக் மனிதருடன் பேசியது பத்துத் தடவை இருக்காது. தினமும் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து மேஜையடியில் நீட்டுவார். பிறகு தானே தின்றுவிடுவார்.

ஏப்ரல் கடைசியில், ஆடுகள் குட்டி ஈன்று முடிந்த பிறகு எல்லன் வீட்டுக்குப் போனார். நல்ல மழை. முற்றத்திலிருந்து நெட்டில் பாய்ந்து வந்து அவர் பூட்ஸையும் கோட்டையும் மோந்து தள்ளியது. முதுகில் நீர் மணிமணியாக உருண்டது. அவர் இடது கையை அதன் முதுகில் வைத்தார். தோல் சிலிர்த்தது, நாய் கைக்கு அடியிலிருந்து நழுவி, எல்லனின் பாவாடையோரம் போய் நின்றது.

"கூட்டிட்டுப் போங்க அத்தான். அக்டோபர்ல கொண்டாங்க, நான் பிடுங்கி விடுறேன்."

"இங்கயே இருக்கட்டும்," என்றார் ஐசக். "என் கையக் கண்டா பயப்படுது."

"மறந்துடும் அத்தான், நாய்தானே."

"எதுக்கு மறக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகும்படி எல்லன் சொன்னாள். பார்க்கலாம் என்றார். நெட்டில் வெளிக்கதவுவரை கூடவே வந்தது. அவர் வெளியேறிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, மழையில் மலையேறினார்.