என் பலகையில் பதினோரு எழுத்துகள்

போன மழைக்காலத்தில் நான் என் மனைவியிடம் தொடர்ந்து ஆறு நாள் தோற்றேன். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. சாங்வியில் இரண்டாவது மாடியில் நானும் அவளும் மட்டும். அவள் ஆங்கில ஆசிரியை. நான் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில், லாரி பிரேக்குக்கான பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் டீ குடித்து முடித்ததும் சாப்பாட்டு மேசையில் எழுத்து விளையாட்டுப் பெட்டியைத் திறப்போம். ஆங்கில எழுத்துகள் பதித்த மர வில்லைகள் ஒரு துணிப்பையில் இருக்கும். ஆளுக்கு ஏழு எடுத்து, எதிராளிக்குத் தெரியாதபடி ஒரு சின்னப் பலகையில் நிறுத்திக்கொண்டு, அவற்றால் வார்த்தை அமைக்க வேண்டும். செலவான வில்லைகளுக்குப் பதிலாகப் பையிலிருந்து எடுத்து மறுபடி ஏழாக்கிக்கொள்ளலாம்.

அவளுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். ஆனாலும் ஜெயிப்பது நான்தான். கஷ்டமான எழுத்துகள் வரும் வார்த்தைகளைப் பல வருடமாக ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். U இல்லாமல் Q வருபவை, நடுவில் X வருபவை, Z-இல் முடிபவை. பாதிக்கு அர்த்தம் தெரியாது. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

அந்த ஆறு நாளும் எனக்கு வார்த்தையே அமையவில்லை. கையில் நல்ல எழுத்து வரவில்லை என்றுதான் நினைத்தேன். ஏழாம் நாள் அவள் ஒரு வார்த்தை வைத்து மதிப்பெண் எழுதினாள்.

"LATE-க்கு இவ்வளவா?" என்றேன்.

"PLATE வெச்சிருக்கறனுங்க."

மறுபடி பார்த்தேன். P இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளையாடினேன். என் முறை வந்தபோது ஒரு வார்த்தை வைத்துவிட்டு, பலகையில் நான்கு மிச்சம் இருந்ததால் மூன்றை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க, ஒரு வாரமா பை சீக்கிரமே காலியாயிருது. இப்பத்தான் எட்டிப் பாத்தேன். உங்க பலகைல பதினோரு எழுத்து இருக்குது."

"வெளையாடறயா? நாலுதான் இருக்குது."

"எண்ணுங்க."

எண்ணினேன். நான்கு. இன்னொரு முறை எண்ணினேன். நான்குதான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து என் பின்னால் வந்து நின்று, என் சுட்டுவிரலைப் பிடித்துப் பலகையின் வலது கோடியில் வைத்து, மெல்ல இடப்பக்கமாக நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குமேல் பலகை முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். விரல் நிற்காமல் போனது. போகப்போக விரலையும் காணோம், அவள் கையையும் காணோம். ஆனால் விரல் நுனியில் மரம் தட்டுப்பட்டது. வழவழப்பு, இடையில் ஒரு விளிம்பு, மறுபடி வழவழப்பு. ஐந்து, ஆறு, ஏழு என்று அவள் குரல் எண்ணிக்கொண்டே போனது.

"இப்ப தலையத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். ஏழு வில்லைகள் வரிசையாக நின்றன. அதில் ஒரு Q-வும் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கின்றனவோ தெரியவில்லை. இருட்டாகவோ மங்கலாகவோ எதுவும் தெரியவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. என் கண்ணுக்கு உலகம் முழுதாகத்தான் இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தட்டுல இடதுபக்கம் வெக்கற பொரியல ஒரு வாரமா நீங்க தொடவே இல்ல. புடிக்கலயாக்கும்னு இருந்தேன். கீழ் வீட்டு காகா கேட்டுல நின்னு கும்புட்டா நீங்க பாக்காமப் போறீங்களாமா. சாஹேப் ராகாவ்லே கா, சாருக்கு எம்மேல கோவமான்னு எங்கிட்டக் கேட்டாரு."

காகா என்று நாங்கள் கூப்பிடும் அந்த மராத்திப் பெரியவர் நிற்பது கேட்டின் இடப்பக்கம். அந்த ஏழு நாளும் நான் ஸ்கூட்டரில் பிம்ப்ரி போய் வந்திருக்கிறேன். இடப்பக்கத்தில் என்னென்ன போயிற்றோ தெரியாது.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு இடத்துக்கு ரத்தம் போகவில்லை, அதனால்தான் இடப்பக்கம் விட்டுப்போகிறது, ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். எழுத்துகள் இறைந்து கிடந்த ஒரு தாளைக் கொடுத்து, இதில் வரும் E எல்லாவற்றையும் அடியுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். இது நம் வேலைதானே என்று மளமளவென்று அடித்து நீட்டினேன். "முடிந்ததா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். இடது பாதி வலப்பக்கம் வந்தது. அந்தப் பாதியில் நான் பேனாவே வைத்திருக்கவில்லை.

அங்கிருந்தே தொழிற்சாலைக்குப் போன் செய்து, நான் அந்த வாரம் பார்த்து அனுப்பிய பெட்டிகளைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். பெட்டிகள் வெளியே போகவில்லை. விரிசல் இருந்த இரண்டு பாகங்களை ஒதுக்கியதாக மறுநாள் சொன்னார்கள்.

மாத்திரைகளோடு பயிற்சியும் கொடுத்தார்கள். பலகையின் இடது கோடியில் மனைவி சிவப்பு டேப் ஒட்டினாள். சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் வார்த்தை தேட வேண்டும். தினமும் அப்படியே விளையாடினோம். மூன்றாவது வாரத்தில், தலையைத் திருப்பாமலேயே இடப்பக்கம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. வில்லைகள் ஏழெட்டு, நெருக்கமாக நின்றன. சந்தோஷமாகக் கையை நீட்டினேன். விரல் வெறும் மேசையைத் தொட்டது.

அவை எங்கள் பெட்டி வில்லைகளைப் போலவே இருந்தன. அதே மரம், அதே கறுப்பு மை. எழுத்துகளை மட்டும் படிக்க முடியவில்லை. இதோ புரியப்போகிறது என்பதுபோல் இருக்கும், புரியாது. இரண்டு நாள் கழித்து, அவற்றுக்கு அப்பால் காலியாக இருந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பழுப்புச் சட்டை, குனிந்த தலை. அவரும் எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பினால் நாற்காலி காலி.

மனைவியிடம் சொன்னேன். அவள் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இப்ப இருக்கறாரா?"

"இருக்கறாரு."

"உங்களப் பாக்கறாரா?"

"இல்ல."

"அப்பச் செரி. உங்க ஆட்டம், வைங்க," என்றாள். தன் பலகையை அந்த நாற்காலிக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டாள்.

சிலருக்கு இப்படி வரும், தகவல் வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். காரணம் தெரிந்ததால் பயம் குறைந்தது. அவர் உட்கார்ந்திருப்பது குறையவில்லை. தீபாவளிக்கு முன்பு ஒருநாள் ஆட்டம் முடிந்து எழுந்தபோதுதான், அன்று அவர் வரவே இல்லை என்று உறைத்தது. அதன்பிறகு வரவில்லை.

இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பார்வையின் இடது மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் இன்னும் இல்லை. வேலையில் என்னைக் கணக்கெடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்கூட்டரை விற்றாயிற்று. ஆட்டோவில் தாபோடி போய் அங்கிருந்து மெட்ரோவில் போகிறேன். இருக்கை வரிசையில் இடது கோடி காலியாக இருந்தால்தான் உட்காருவேன். அங்கே என் தோளை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் உட்கார இடமில்லை. இல்லாவிட்டால் பிம்ப்ரிவரை நின்றுகொண்டே போகிறேன்.