கால் மட்டும் போதும்

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் தவமணிக்குப் பெண்களின் உடம்பைப் பற்றித் தெரியாதது இல்லை. முப்பது வருடமாக அளவு நாடாவும் கையுமாக நிற்கிறவள். யார் மூச்சை இழுத்துப் பிடித்து இடுப்பைக் குறைத்துக் காட்டுகிறார்கள், யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, யார் மூன்று மாதமாகியும் மாமியாரிடம் சொல்லவில்லை, எல்லாம் விரல் பட்டதும் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். சிராங்கூன் ரோட்டில் எத்தனை கடை வந்தாலும் ஆங் மோ கியோவிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வருவது அதனால்தான்.

அந்த விரலே கடைசியில் அவளுக்கு வினையாக வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகப்போகிறதே என்று மாம்பழ மஞ்சளில் தனக்கு ஒரு ரவிக்கை வெட்டியிருந்தாள். ஒரு சாயங்காலம் கூட்டம் ஓய்ந்ததும் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தாள். இடது கைக்குழி பக்கம் கொஞ்சம் பிடிப்பதுபோல் இருந்தது. குண்டூசி குத்தப் போனவள் துணியைத் தள்ளிவிட்டுத் தடவினாள். துணியில் குறை இல்லை. உள்ளே சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று நகராமல் நின்றது. வலது பக்கம் தடவினாள், ஒன்றும் இல்லை. மறுபடி இடது பக்கம் தடவினாள். இருந்தது.

"என்ன தவம், பிடிக்குதா? நான் வந்து பாக்கவா?" என்று திரைக்கு வெளியே சம்சுன்னிசாவின் குரல் கேட்டது. கடையில் அவளுடைய கூட்டாளி. ஒருத்திக்கு ஒருத்தி அளவெடுத்துத்தான் இருவரும் தங்களுக்குத் தைத்துக்கொள்வார்கள்.

"வேணாம் லா. பழைய அளவே சரியா இருக்கு."

"பத்து வருஷத்துக்கு முந்தின அளவா? நல்லா இருக்கே கதை!"

சம்சுன்னிசா சிரித்தாள். தவமணியும் சிரித்துவைத்தாள். ரவிக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ரயில் ஏறினாள். புக்கிட் பாஞ்சாங் வந்து பெட்டி காலியான பிறகும் உட்கார்ந்தே இருந்தவளை ஒரு சீனக் கிழவர் கூப்பிட்டு, கடைசி ஸ்டேஷன் வந்துவிட்டது என்று கை காட்டினார்.

அவளுடைய அக்கா பூரணி செத்துப்போனது மார்பில் வந்த புற்றுநோயில்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அக்கா அதைச் சொன்ன நாள் தவமணிக்கு மறக்கவே மறக்காது. சொன்ன மறுநாளிலிருந்து அக்கா நோயாளி. ஆஸ்பத்திரி, ஊசி, மொட்டைத் தலை, அடுத்த தீபாவளிக்கு அக்கா இல்லை. வாயைத் திறந்து சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று தவமணியின் மனசில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. என்ன பைத்தியக்காரக் கணக்கு! ஒன்றரை வருடம் ஒளித்துவைத்துவிட்டு, புண்ணாகி நாறிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் பயம் பிடித்துக்கொண்டால் மனுஷிக்குத் தெரிந்தது எது உதவிக்கு வருகிறது?

வீட்டில் அவளுக்கு முன்பே மகள் கவிப்ரியா வந்து காத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, அம்மா அப்பாவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த பெண்.

"அம்மா, உங்க ஆனிவர்சரிக்கு ஒரு ஸ்பா ஹோட்டல். ரெண்டு பேரும் ஒரு நைட் தங்கிட்டு வாங்க. மூணு ஹோட்டல் அனுப்பியிருக்கேன், ஜஸ்ட் சூஸ் பண்ணுங்க. நீங்கதான் சூஸ் பண்ணணும், அப்பாகிட்ட விட்டா நேரா பஃபே பாப்பாரு."

"பஃபே பாக்காம என்னத்தப் பாக்குறது?" என்றார் ரத்னவேல். முப்பத்தோரு வருடமாகப் பேருந்து ஓட்டி ஓட்டி முதுகு வளைந்த மனுஷர். ஹோட்டலில் தங்குவது என்றால் அவருக்கு எப்போதோ ஒரு கல்யாணத்துக்காக ஜொகூரில் தங்கிய ஒரு ராத்திரிதான். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "தவம், இங்க பாரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்ல மசாஜாம். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை."

தவமணி பார்த்தாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் யாரோ ஒருத்தியின் விரல்கள். குப்புறப் படுத்தால் பரவாயில்லை, எத்தனை நேரம் குப்புறவே படுக்க விடுவார்கள்? திருப்பிப் போடுவார்களே. கையைத் தூக்கச் சொல்வார்களே.

அன்றிலிருந்து அவள் ஹோட்டல் பார்த்த விதத்தில் உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செந்தோசாவில் ஒன்று, கடல் தெரியும். அதில் மார்புக்கும் வயிற்றுக்கும் எண்ணெய் தேய்ப்பார்கள் என்று எழுதியிருந்தது, வேண்டாம். நகரத்துக்குள் ஒன்று, உச்சி மாடியில் நீச்சல் குளம்; நிணநீர் மசாஜ் என்று என்னவோ போட்டு அக்குளில் அம்புக்குறி வரைந்திருந்தான், வேண்டவே வேண்டாம். சாங்கி பக்கம் மூன்றாவது, கொஞ்சம் பழைய கட்டடம். அதில் மட்டும் பாத மசாஜ் தனியாக இருந்தது. ஆறாவது வகுப்போடு நின்றுபோன ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்து உறுதி செய்துகொண்டாள்.

"இது போதும் கவி. கால் மட்டும் போதும். நாள் முழுக்க நிக்கிறேன்ல, கால்தான் வலிக்குது."

"என்னம்மா நீங்க, இவ்வளவு தூரம் போயிட்டுக் கால் மட்டுமா?"

"கால் மட்டும் போதும்னா போதும்!"

கத்திவிட்டாள். கவிப்ரியா மிரண்டு போய்ச் சரியென்று சொன்னாள். தவமணி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். தினம் பத்துத் தடவையாவது பார்த்தாள். இன்றைக்குச் சின்னதாகியிருக்கிறது என்று ஒரு நேரம் தோன்றும், வளர்ந்துவிட்டது என்று ஒரு நேரம் உயிரே போகும். தையல் மெஷினில் இரண்டு ரவிக்கைக்குக் கை மாற்றிவைத்துத் தைத்தாள். ராத்திரியில் ரத்னவேல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். அவரோ டிப்போவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் ஹோட்டல் படத்தைக் காட்டி, அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலையும் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துப் போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கிளம்பும் நாளும் வந்தது. ஹோட்டலில் மெத்தை அமுங்கியது, ஏசி குளிர்ந்தது, ரத்னவேல் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் ஐந்து முறை நடந்தார். மூன்று மணிக்கு ஸ்பாவுக்குக் கீழே இறங்கினார்கள். எலுமிச்சைப் புல் வாசனை, இஞ்சித் தண்ணீர், எங்கேயோ நீர் விழும் சத்தம். மேசைக்குப் பின்னால் இருந்த சீனப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னாள்: உங்கள் மகள் நேற்று மாற்றிவிட்டார்கள், இரண்டு பேருக்கும் முழு உடம்பு மசாஜ், இரண்டு மணி நேரம், உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார்கள்.

"பாத்தியா உன் மகள!" ரத்னவேல் மேசையில் தட்டிச் சிரித்தார். தவமணிக்குக் காதுக்குள் ரயில் ஓடியது.

சீனப் பெண் ஆளுக்கொரு படிவத்தை அட்டையில் செருகி நீட்டினாள். அந்த வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் ரத்னவேல்தான் நிரப்புவார். வீடு வாங்கியது, பாஸ்போர்ட் எடுத்தது, கவிப்ரியாவைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் அவருடைய கை எழுதியது. தவமணி அடியில் கையெழுத்து மட்டும் போடுவாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவையும் அவர் அவளிடம் எதையும் கேட்டு எழுதியதில்லை. அவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

"இதயக் கோளாறு இருக்கா? இல்ல. ஆபரேஷன் ஏதும் செஞ்சிருக்கா? இல்ல. கர்ப்பமா இருக்கியாம் தவம், என்ன சொல்றே?" என்று கண்ணடித்தார். மிச்சத்தைப் படிக்கக்கூட இல்லை. 'இல்லை' என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு அட்டையை அவள் பக்கம் திருப்பினார். "கையெழுத்துப் போடு. நேரமாச்சு."

உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் வந்து கும்பிட்டு நின்றார்கள். ஒருத்திக்குத் தவமணியின் வயதுதான் இருக்கும். தவமணி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தாள். நீளமான, நகம் ஒட்ட வெட்டிய, வேலை தெரிந்த விரல்கள். இந்த விரல்களிடம் எதையும் ஒளிக்க முடியாது. பட்ட கணமே நிற்கும். நின்றதைப் பக்கத்துப் படுக்கையிலிருந்து அவர் பார்ப்பார். யாரோ ஒருத்தி சொல்லி அவருக்குத் தெரியவரும்.

பேனாவைப் பிடித்தவள் கையெழுத்துப் போடவில்லை.

"என்னங்க, அந்தக் கோடு தப்பு."

"என்ன தப்பு?"

"நாலாவது கேள்விக்கு 'ஆமா'ன்னு போடணும்."

ரத்னவேல் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இது உடம்புல எங்கயாச்சும் கட்டி, வீக்கம் இருக்கான்னு கேக்குறான் தவம். உனக்கு இங்கிலீஷ் புரியல."

"புரிஞ்சிச்சு."

அவர் இன்னொரு தடவை படித்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"எங்க?"

"இடது பக்கம். கைக்குழிக்கு ரெண்டு விரல் கீழ." ஒரு வாடிக்கைக்காரியின் அளவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். பேனாவை மேசையில் வைத்தாள். "அக்காவுக்கு இருந்த அதே இடம்ங்க. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

"எத்தன நாளா?"

"பத்தொம்பது நாளா."

ரத்னவேல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். டிப்போ முழுக்கப் படம் காட்டிய மனுஷருக்கு இப்போது குரல் பாதி கோபமும் பாதி அழுகையுமாக வந்தது.

"பத்தொம்பது நாளா நான் ஹோட்டல் படம் காட்டிச் சிரிச்சிக்கிட்டு இருந்தேனா? பக்கத்துல படுத்துக்கிட்டு நீ ஒத்தையா இதத் தடவிக்கிட்டு இருந்தியா?"

சீனப் பெண் பதறி, புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார் ரத்னவேல். உள்ளேயிருந்து வந்த பெண் ஒன்றும் கேட்காமல் தவமணியின் கையில் இஞ்சித் தண்ணீரைக் கொடுத்தாள். அந்த விரல்கள் இப்போது தவமணிக்கு அத்தனை பயமாக இல்லை. அவருடைய முகம்தான் பயமாக இருந்தது. ஒரே நிமிடத்தில் அது கிழடு தட்டியிருந்தது.

"மூணரைதான் ஆகுது. கிளினிக் தொறந்திருக்கும்," என்றாள். சொன்னது தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. "இன்னைக்கே பாத்துருவோமா? வருவீங்களா?"

"வருவீங்களாவா?" என்று எழுந்தார் ரத்னவேல். தவமணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஹோட்டல் செருப்போடேயே வெளியே வந்து டாக்சியை நிறுத்தினார்கள்.