காய்ச்சலில் ஓடிய தோணி

எழுபதுகளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சை வார்டில் நான் நர்ஸ். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணி ஒன்றின் தலைவரான தண்டல், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்தார். தேறிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று குளிர்காய்ச்சல் கண்டது. சலைன் ஏற்றிய ஊசி வழியாக ரத்தத்தில் கிருமி போய்விட்டது என்றார் பெரிய டாக்டர். கிருமி வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் கைகளிலிருந்துதான் போயிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கை கழுவாமல் கட்டில் பக்கம் வந்த ஒருவரையும் விடவில்லை. பெரிய டாக்டரையே வாசலில் மறித்து சோப்பைக் காட்டினேன்.

ஊசியை எடுத்து வேறு கையில் போட்டோம். மருந்தையும் மாற்றினோம். காய்ச்சல் மயக்கத்தில் தண்டலுக்கு வார்டே தோணியாகிவிட்டது.

"ஏலே, காத்து திரும்புது, பாயை இறக்குலே!" என்று என்னைப் பார்த்துக் கத்துவார்.

"பாயும் இல்ல, காத்தும் இல்ல, பேசாம படுங்க!" என்று நானும் கத்துவேன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே அவருடைய தோணிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, காய்ச்சல் விட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பெரிய டாக்டர் குனிந்து, "இது எந்த இடம்னு தெரியுதா?" என்று தண்டலிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்து, சந்தோஷம் தாங்காமல் தோணிக்காரர் ஒருவர் கை கழுவாமல் உள்ளே ஓடிவந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் வாசலுக்கே திரும்பி ஓடினார்.

தண்டல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிதான். தோணின்னா அங்கன ஏசுதது நான் ஒருத்தன்தான். இங்கன இந்தம்மால்லா எல்லாரையும் ஏசுது!"