தட்டுக்கு அடியில் மஞ்சள் டேப்

பிளாஸ்டிக் மீனைக்கூடத் தொடமாட்டேன் என்று நான் கையை மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்து மிசிக்கு, அதான் நர்சுக்கு, சிரிப்பு தாங்கவில்லை. கிளினிக்கில் ஒரு சின்ன அறை. மேசைமேல் வெறும் தட்டு. சுற்றிலும் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, மீன், கோழித் தொடை, கீரை, உருளைக்கிழங்கு, பப்பாளித் துண்டு.

"அம்மா, வீட்டுல சாப்பிடற மாதிரி இதுல எடுத்து வைங்க" என்றார் மிசி. தமிழ்ப் பிள்ளைதான்.

"மீன், கோழியெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிடுங்கம்மா. நான் சைவம்."

"இது பிளாஸ்டிக்மா!"

"இருந்தாலும்..."

மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து எழுந்து வந்த வருஷம், முருகனுக்கு நேர்ந்துகொண்டு கவிச்சியை விட்டவள் நான். பன்னிரண்டு வருஷமாயிற்று. சைவம் சாப்பிடுகிறவளுக்கு என்ன நோய் வரும் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே சொன்னதில்லை; எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனால் சர்க்கரை என் பெருமையைப் பார்த்துவிட்டா வரும்? அன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார்: மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசி. நானே என் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டுமாம். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் நான்.

தட்டை நிரப்பினேன். சோறு பாதிக்குமேல். காய்க்கு உருளைக்கிழங்கு. மிச்ச இடத்துக்குத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"அப்பளம் இல்லீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

மிசி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே தட்டைக் கலைத்து அடுக்கிக் காட்டினார்.

"பாதித் தட்டு காய், கீரை, கொஞ்சம் பழம். கால் தட்டுதான் சோறு. இன்னொரு கால் பருப்பு, பயறு, சோயா தவ்வு, தெம்பே. உருளைக்கிழங்கு சோத்துக்குச் சொந்தக்காரன்மா. அவனைக் காயோட சேக்காதீங்க. சைவமா இருந்தா மட்டும் போதாது."

மருமகள் செனாயில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அடியில் மஞ்சள் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிட்டாள்.

"எங்க ஃபேக்டரியில தரைக்குக்கூட கோடு இருக்கு அத்தை. தாண்டினா சூப்பர்வைசர் கத்துவான். இங்க நான்தான் சூப்பர்வைசர்."

"அம்மா தட்டு பேட்மிண்டன் கோர்ட் மாதிரி இருக்கு" என்றான் மகன்.

கால் தட்டுச் சோற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது. காக்காவுக்கு வைக்கிற சோறு. ஆனால் பாதித் தட்டை நிரப்ப எவ்வளவு காய் வேண்டும் தெரியுமா? ஒரு கரண்டி பொரியல் வைத்தால் மூலையில் கிடக்கிறது! வேலியோரத்து முருங்கைக்கீரை, பயத்தங்காய், கங்கோங் கீரை, வெள்ளரிக்காய் என்று வைக்க வைக்கக் கொள்கிறது. இத்தனை நாளும் நான் காய் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பருப்பும் பயறும் நன்றாகத்தான் இருந்தன. தெம்பேதான் எனக்கு வெட்கமான விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் ஜாவாக்கார அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் வேலிக்கு மேலே கையை நீட்டி, இலையில் மடித்த தெம்பே கொடுப்பார். பயற்றின்மேல் வெள்ளை பூத்திருக்கும். ஊசிப்போனதை மனசறியாமல் கொடுக்கிறார் என்றே நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லி வாங்கி, அவர் உள்ளே போனதும் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிடுவேன். எத்தனை வருஷம்!

அது சோயாதான், வெள்ளை பூத்தால்தான் தெம்பே என்று மிசி சொன்ன பிறகு, முதல்முறையாக ஒரு பொட்டலத்தை நறுக்கினேன். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, கொஞ்சம் எண்ணெயில் கறிவேப்பிலையோடு வாட்டினேன். வாயில் போட்டேன் பாருங்கள், அடுப்படியிலேயே நின்று நாலு துண்டு தின்றுவிட்டேன்! அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வந்தால் காலையிலிருந்தே வேலிப் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

மத்தியானத் தூக்கம் போனது. காய் வாங்கப் பாசாருக்கு நடந்தே போய் வந்தேன். ஆனாலும் ஊசி பயம் போகவில்லை. மூன்றாம் மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு கேட்கப் போன அன்று, மிசி கம்ப்யூட்டரில் என் பேரைத் தேடினார்.

"அலமாக்! அம்மா, மூணு மாசச் சர்க்கரைக் கணக்கு ஒம்போதுல இருந்தது ஏழுக்கு வந்திருக்கு!"

"ஊசி?"

"இப்ப ஊசி வேணாம்னு டாக்டர் எழுதிட்டாரு. மாத்திரைய விடாதீங்க, இப்படியே சாப்பிடுங்க."

"முருகா!" என்று கத்திவிட்டேன். கோயிலில்கூட முணுமுணுக்கிறவள் நான். வெளியே மருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

வீடு வந்ததும் என் கேட்டைத் திறக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். புதைத்ததையும் சொன்னேன். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு என் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"அதான் உன் மரம் கூரைக்கு மேல போகுது! நான் உரம் வாங்கிப் போட்டும் என் மரம் இடுப்புக்கு வரல லா!"

உள்ளே போய் இரண்டு பொட்டலத்தோடு வந்தார்.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு மரத்துக்கு. பாவம், மூணு மாசமா பட்டினி கிடக்கு."

மரத்துக்கு நான் கொடுக்கவில்லை.